கொல்லைக் கோடியில் விதைப்பந்து வைத்துப் பூ வளர்த்த அனுபவம்

விதையை மண்ணுக்குள் பொதிந்து உருட்டிய விதைப்பந்து என்றதும் மலையடிவாரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று வீசும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வேம்பு, புங்கம், புளி என்று மர விதைகளை வைத்தே அதைப் பேசிப் பழகிவிட்டோம். வீட்டுக் கொல்லையில் பூச்செடி வளர்க்க அந்த மண்ணுருண்டை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைச் சில மழைக்காலங்களாகக் கூடவே இருந்து பார்த்துவருகிறேன். செய்முறை எளிது. மண்ணும் விதையும் மழையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது.

எங்கள் வீடு புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னையையும் பலாவையும் எப்படிச் சாய்த்துவிட்டுப் போனது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் கொல்லையிலும் பெரிய மரங்கள் விழுந்தன. நிழல் போய்விட்டதால் சரளை கலந்த செம்மண் பூமி வெட்டவெளியாக வெயிலில் காய்ந்தது. புதிதாக வைத்த கன்றுகள் மரமாக ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வெளியில் பூக்கள் இருக்கட்டும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரட்டும் என்று நினைத்தேன். கிணற்றடியைச் சுற்றி ஹோஸ் எட்டும். அங்கே பாத்தி கட்டி விதைத்தால் போதும். வேலியோரக் கோடிக்குத் தண்ணீர் எட்டாது. அங்கே வெறும் விதையைத் தூவினால் காலையில் எறும்பு இழுத்துக்கொண்டு போகும், மிச்சத்தைச் சில்லைக் குருவிகளும் அடுத்த வீட்டுக் கோழிகளும் பொறுக்கித் தின்னும். தப்பிய விதைகள் புரட்டாசியில் ஒரு மாலை பெய்யும் இடிமழையை நம்பி முளைத்து, அடுத்த வார வெயிலில் கருகும். அந்தக் கோடிக்குத்தான் விதைப்பந்து பொருத்தமாக இருந்தது.

இதைத் தம் வயலில் கைக்கொண்டு உலகம் அறியச் செய்தவர் ஜப்பானின் ஷிகோகு தீவில் வாழ்ந்த மசானபு ஃபுகுவோகா. 1988-இல் மகசேசே விருது பெற்றவர். உழாமல் பயிர் செய்த அவருக்கு, நிலத்தின் மேலேயே கிடக்கும் நெல் விதையைப் பறவையிடமிருந்தும் எலியிடமிருந்தும் காப்பாற்ற ஒரு வழி தேவைப்பட்டது. களிமண்ணால் பொதிந்து போட்டார். ஆக, பந்தின் முதல் வேலை காவல். உரம் கொடுப்பது, ஈரம் பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் எவ்வளவு மண், எவ்வளவு உரம், எவ்வளவு பெரிய உருண்டை என்ற கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைக்கும்.

முதலில் மண். எங்கள் கொல்லைச் செம்மண்ணை மட்டும் பிசைந்தால் ஈரத்தில் உருண்டையாக நிற்கும். காய்ந்ததும் விரல் பட்டால் உதிரும். சரளையும் மணலும் அதிகம், பிடிப்புக் குறைவு. அய்யனார் கோயில் புரவிகளைச் செய்யும் வேளார்கள் வாழும் ஊர்கள் எங்கள் பகுதியில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் போய்க் கண்மாய்க் களிமண் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதற்கென்று விசாரித்தார். சொன்னேன்.

"வெறும் களியை உருட்டாதே தாயி. காய்ந்தால் கல்லாகிவிடும், உள்ளே இருக்கிற விதை எப்படி வெளியே வரும்? நாங்களே குதிரைக்கு மண் மிதிக்கும்போது மணலும் உமியும் சேர்த்துத்தான் மிதிக்கிறோம். இல்லையென்றால் வெடித்துப்போகும்" என்றார்.

"எவ்வளவு சேர்க்கலாம் ஐயா?"

"அதைக் கைதான் சொல்லும். சுண்டுவிரல் மொத்தத்துக்குத் திரித்து வளைத்துப் பார். ஒடியாமல் வளைந்தால் களி கூடுதல். வளையும்போது மேலே லேசாகக் கீறல் விட்டால் உனக்குச் சரியாக இருக்கும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இப்போது கண்மாய்க் களி மூன்று பங்கு, சலித்த செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு என்று கலக்கிறேன். உங்கள் மண்ணுக்கு இது மாறும். கரிசல் மண் உள்ளவர்கள் மணலைக் கூட்ட வேண்டியிருக்கும். தஞ்சைப் பக்க வண்டலுக்குக் களியே வேண்டாம் என்றுகூட ஆகலாம். காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அந்த மண்ணைத் தொட வேண்டாம். உரமும் அப்படித்தான். பச்சைச் சாணி கூடவே கூடாது. அதன் சூடும் காரமும் இளம் வேரைச் சுட்டுவிடும். மாடு தின்ற புல்லின் விதைகளும் சேர்ந்து வரும். தொட்டால் சூடில்லாமல், மோந்தால் மழை மண் வாசம் வருகிற அளவுக்கு மக்கிய எருவோ மண்புழு உரமோ போதும். வேப்பம்புண்ணாக்குத் தூள் ஒரு சிட்டிகை சேர்க்கலாம், எறும்பு கொஞ்சம் தயங்கும்.

களிமண்ணோடு கண்மாய்க் களைகளும் வீட்டுக்கு வரும். அதனால் கொண்டுவந்த மண்ணை உடனே பயன்படுத்துவதில்லை. ஈரப்படுத்தி வெளிச்சத்தில் பரப்பி வைப்பேன். முளைக்க வேண்டியதெல்லாம் முளைக்கும். பிறகு அப்படியே காயவைத்து இடித்துச் சலித்துக்கொள்வேன். கோரைக் கிழங்கு இருந்தால் சல்லடையில் சிக்கிவிடும்.

அடுத்தது விதை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துபோகும் பகுதியும் இதுதான். எல்லாப் பூவிதையையும் ஒரே மாதிரி மண்ணுக்குள் அடைத்துவிட முடியாது. செண்டுப்பூ, காஸ்மாஸ், ஜினியா மூன்றும் பந்துக்கு நல்லவை. விரைவாக முளைப்பவை, மேலே மெல்லிய மண் மூடினால் தடுமாறாதவை. செண்டுப்பூ விதையில் கறுப்புப் பகுதி பருத்திருக்க வேண்டும். தட்டையாக, வெளுத்துக் கிடப்பவை சோடை. என் மாமியார் சுளகில் போட்டு நாலு தட்டு தட்டினால் சோடையெல்லாம் நுனியில் வந்து நிற்கும். அவருடைய கைக்கு ஈடாக வேறு கருவி எதையும் நான் பார்க்கவில்லை.

கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ் இரண்டின் விதையும் தூள் மாதிரிச் சிறியவை. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். இவற்றை உள்ளே வைத்து உருட்டினால் ஒன்றும் வராது. வெறும் மண்ணுருண்டையை முதலில் செய்து, ஈரம் இருக்கும்போதே தட்டில் பரப்பிய விதையின் மேல் ஒருமுறை உருட்டி எடுத்தால் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். நித்தியகல்யாணி இதற்கு நேர் எதிர், இருட்டில்தான் நன்றாக முளைக்கும். அதை உள்ளே வையுங்கள்.

சங்குப்பூவும் ஆவாரையும் வேறு இனம். தோல் கடினம். பாத்தியில் விதைக்கும்போது சங்குப்பூ விதையை இரவு ஊறவைத்துப் போடுவோம், இல்லையா? பந்தில் வைப்பதற்கு ஊறவைக்கவும் கூடாது, உப்புத்தாளில் தேய்க்கவும் கூடாது. ஊறிய விதை, பந்து காய்வதற்குள் விழித்துக்கொள்ளும். பிறகு ஈரம் வற்றும்போது உள்ளேயே செத்துவிடும். கடினத் தோலோடு அப்படியே வைத்தால் சில விதைகள் முதல் மழைக்கும் சில அடுத்தடுத்த மழைக்கும் எழும். தண்ணீர் எட்டாத நிலத்தில் அந்தத் தாமதம்தான் பாதுகாப்பு. ஒரு மழை ஏமாற்றினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. எங்கள் வேலியில் இன்று படர்ந்திருக்கும் சங்குப்பூவில் பாதி, நான் எதிர்பார்ப்பை விட்டுவிட்ட பிறகு முளைத்தவை.

கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி கலந்தது. குழந்தைகளோடு கையால் உருட்டும் வேலைக்கு அதைக் கொண்டுவரவே வேண்டாம். பூமாலையிலிருந்து உதிர்த்த செண்டுப்பூவிலும் நம்பி எடுக்க ஒன்றுமில்லை. மாலைக்குப் பூவை முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுவார்கள். பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகமாகவும் இருக்கும். தெருவில் யார் வீட்டு வாசலில் நாட்டுச் செண்டு பூத்திருக்கிறதோ அங்கே போய் "அக்கா, இரண்டு பூவைச் செடியிலேயே காயவிடுங்கள்" என்று சொல்லிவைப்பேன். மறுக்கிறவர்கள் யாரும் இல்லை.

உருட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாவு பிசைவதுபோல் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். பூவிதைக்குச் சுண்டைக்காய் அளவு போதும். பெரிய உருண்டை இரண்டு வகையில் கெடுதல்: காய நாளாகும், நடுவில் மாட்டிய விதை மூச்சு முட்டிப்போகும். கொஞ்சம் மண்ணைத் தட்டி, இரண்டு மூன்று விதை வைத்து மூடுங்கள். ஒரு பந்தில் பத்து விதை வைத்தால் பத்தும் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு, எல்லாமே நோஞ்சானாக நிற்கும். ஒரு பந்துக்கு ஒரு இனம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கலந்து வைத்தால் காஸ்மாஸ் ஓங்கி வளர்ந்து பக்கத்துச் செடியை அமுக்கிவிடும்.

காயவைப்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. செண்டு விதை ஈரத்தில் நாலைந்து நாளில் முளைவிடும். அதற்கு வெகு முன்பே பந்து காய்ந்தாக வேண்டும். நிழலாகவும் காற்றோட்டமாகவும் உள்ள இடத்தில் சாக்கின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, மாலையில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நடுப்பகல் வெயிலில் வைத்தால் மேல் தோல் வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மறுநாள் ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மழை மூட்டமான நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. எங்கள் பக்கம் புரட்டாசியில் காற்றும் வெயிலும் சேர்ந்த நாள்கள் வாய்க்கும், அவைதான் தோது.

காய்ந்த பந்தை இரண்டு விதமாகச் சோதிப்பேன். இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டால் உடையக் கூடாது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதில் இட்டால், கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் இளகிச் சரியத் தொடங்க வேண்டும். முதல் சோதனையில் உடைந்தால் களியைக் கூட்டவும், இரண்டாவதில் கல்லாக நின்றால் உரத்தையோ மணலையோ கூட்டவும் வேண்டும். எடுத்துவைக்க மூங்கில் தட்டோ அட்டைப்பெட்டியோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

எப்போது வைப்பது? எங்கள் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் வாழ்வு. பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்னால் வரும் இடிமழையில் பந்து இளகிவிட்டால் காவலும் போயிற்று, ஈரமும் போயிற்று. தூறல் அதைவிட மோசம். மேலே நனைத்து, விதையை எழுப்பிவிட்டு, நின்றுவிடும். அதனால் ஐப்பசி பிறந்து, வங்கக்கடலில் தாழ்வுநிலை என்ற செய்தி வந்து, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்யும் என்று தெரிந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். புயல் மழை என்று அறிவித்தால் பொறுத்திருப்பது நல்லது, சுண்டைக்காய் உருண்டையை அது அடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்து, எறியாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் எறிய வேண்டிய அவசியமே இல்லை. அருகம்புல் மெத்தையின் மேல் விழுந்த பந்து தரையைத் தொடாது. இளகினாலும் வேர் மண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். களைக்கொத்தால் ஒரு கை அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, மண்ணைக் கிளறிவிட்டு, பந்தைப் பாதி புதையும்படி அழுத்துங்கள். முழுதாகப் புதைக்க வேண்டாம். பந்துக்குப் பந்து ஒரு முழம் இடைவெளி. எங்கள் நிலம் லேசான சரிவு. அதனால் ஒவ்வொரு பந்தின் கீழ்ப்பக்கத்திலும் பிறை வடிவில் சிறு கரை கட்டிவிடுவேன். ஓடுகிற தண்ணீர் ஒரு நிமிடம் நின்று போகும், அதுவே போதும். காசித்தும்பைக்கு உச்சி வெயில் ஆகாது, முருங்கை மர அரை நிழலில் வைத்தால் செழிக்கும்.

இன்னொரு வேலையையும் அதே நாளில் செய்துவிடுவேன். ஒவ்வொரு இன விதையிலும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனித் தொட்டியில் விதைத்துப் பெயர் எழுதிவைப்பேன். மழைக்குப் பிறகு கொல்லை முழுக்கப் பச்சையாக முளைத்து நிற்கும்போது எது ஜினியா, எது களை என்று பிரித்துப் பார்க்கத் தொட்டிக் கன்றுதான் சாட்சி. களை எடுக்க வருகிற ஆளுக்கும் அதையே காட்டி, "இந்த இலை இருந்தால் தொடாதீர்கள்" என்று சொல்லிவிடலாம். விதைப்பந்து முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் சிலருடைய கன்றுகள் முளைத்து, களையோடு களையாகப் பிடுங்கப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

முளைத்த கன்றுக்கு மழைக்காலத்தில் பெரிய எதிரி நத்தை. ஆப்பிரிக்கப் பெருநத்தை எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. ஒரே இரவில் வரிசையாகக் கன்றுகளை மேய்ந்துவிடும். ஈரச் சாக்கை மடித்து வரிசைக்கு அருகில் போட்டுவைத்தால், விடியும்போது அதன் அடியில் ஒதுங்கியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், அவற்றில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி இருக்கலாம். உப்பை நிலத்தில் தூவுவதும் வேண்டாம், மண் கெடும்.

ஒரு பந்தில் மூன்றும் முளைத்துவிட்டால் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கிற கன்றின் வேரும் ஆடும். செண்டு ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு நிறையப் பூக்கும். ஐப்பசியில் வைத்தவை மார்கழி வாக்கில் மொட்டு விடும். கோலத்தில் சாணிப்பிள்ளையாருக்குச் சூட்டப் பூசணிப்பூ கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வேலியோரம் வந்து செண்டு கேட்பார்கள். எனக்கு அதில் சொல்ல முடியாத சந்தோஷம். மார்கழிப் பனியில் ஜினியா இலையில் சாம்பல் நோய் படியும். நெருக்கமாக நின்றால் எளிதில் பரவும், முழ இடைவெளி அதற்கும் சேர்த்துத்தான்.

வண்ணத்துப்பூச்சிகளுக்காக வேலிக்கு வெளியே எருக்கை வெட்டாமல் விட்டிருக்கிறேன். வெந்தய வரியன் அதில்தான் முட்டையிடும். பூத்தேன் மட்டும் கொடுத்தால் அது வந்துபோகிற இடம், புழுவுக்கு இலையும் கொடுத்தால்தான் அது வாழ்கிற இடம். கிலுகிலுப்பைப் பந்தும் சில வைத்தேன். வரியன் வகையின் ஆண் பூச்சிகள் அந்தச் செடியின் சாற்றைத் தேடி வரும். ஆடு மாடு வளர்ப்பவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும், தின்றால் நஞ்சு.

நம் கொல்லையில் காஸ்மாஸ் அழகுதான், மெக்சிகோவிலிருந்து வந்த விருந்தாளியைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அதையே காட்டோரத்திலும் மலைச்சரிவிலும் வீசுவதை நான் ஏற்கவில்லை. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி நம் காடுகளை என்ன செய்திருக்கிறது என்பதை மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள். வேலிக்கு வெளியே பொது இடத்தில் வைக்க ஆசை இருந்தால் ஆவாரை, தும்பை, சங்குப்பூ போன்று அந்த மண்ணில் ஏற்கெனவே நிற்பதை மட்டும் வையுங்கள். எங்கே வைத்தோம் என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடிகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். பல்லாயிரம் பந்துகளை ஒரே நாளில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காத நிகழ்ச்சிகளைக் காணும்போது அந்த விதைகளுக்காக எனக்கு மனம் வலிக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ காத்திருந்து சேகரித்த உயிர்.

கோவை, தேனி, தென்காசிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும். அங்கே இருப்பவர்கள் வைகாசியில் உருட்டி, ஆனி மழைக்கு வைக்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு விதைப்பந்து தேவையே இல்லை, தினமும் தண்ணீர் ஊற்றும் கையிருக்கும்போது நேரே விதைப்பதுதான் சிறந்தது.

தை பிறந்ததும் விதை எடுக்கும் வேலை தொடங்கும். செண்டும் ஜினியாவும் செடியிலேயே பழுப்பாகும்வரை விட்டு, பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும். காசித்தும்பைக் காயைப் பழுக்கவிட்டால் தொட்டதும் வெடித்துச் சிதறும். வெளிர்மஞ்சளாக மாறும்போதே துணியை அடியில் பிடித்துக்கொண்டு பறியுங்கள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, இனமும் மாதமும் எழுதி, காற்றுள்ள இடத்தில் வைத்தால் அடுத்த புரட்டாசிவரை கெடாது. அந்திமந்தாரை விதையை மட்டும் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பார்வைக்கு மிளகு என்றே தோன்றும், ஆனால் நஞ்சு. அந்த உறையின் மேல் சிவப்பு மையில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்துவிடுங்கள்.